பைக்கில் ஜி.பி.எஸ். கருவிக்கு வயரிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஜி.பி.எஸ். கருவியை ஹேண்டில்பாரில் மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்குக் கரண்ட் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளைச் சுருக்கப் பார்ப்பவர்களுக்கு வரும் தொல்லைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: நாலு நாள் நிறுத்திவைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாது, மேடுபள்ளத்தில் கருவி அணைந்து அணைந்து எரியும், இல்லையென்றால் சீட்டுக்கு அடியிலிருந்து வயர் கருகிய வாடை வரும். கருவியின் மேல் பழி போடுவோம். ஆனால் கரண்டை எங்கிருந்து எடுத்தோம், ஃபியூஸை எங்கே வைத்தோம், வயரை எப்படி இணைத்தோம் என்ற மூன்றில்தான் கோளாறு இருக்கும்.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரி உள்ள பைக்குகளுக்கு, வழிகாட்டும் திரையுள்ள கருவிக்கோ அந்த வேலையைச் செய்யும் செல்பேசிக்கோ பொருந்தும். திருட்டைக் கண்காணிக்கும் டிராக்கருக்கு வயரிங் கொஞ்சம் வேறு. அது கடைசியில் இருக்கிறது. உங்கள் வண்டி பழைய 6 வோல்ட் வண்டி என்றால், 6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினாலும் வேலை செய்யும் கன்வெர்ட்டர் (வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) கிடைக்கும்வரை எதையும் தொடாதீர்கள்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் படிக்க வேண்டியவை

நான்கு காகிதங்கள் வேண்டும். முதலாவது, வண்டியின் வயரிங் படம். சர்வீஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இரண்டாவது, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஃபியூஸ் பட்டியல். எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று அதில் தெரியும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஜி.பி.எஸ். கருவியோடு வந்த தாளில் உள்ள இன்புட் வோல்டேஜ் வரி. சில கருவிகளின் பைக் மவுண்ட்டிலேயே கன்வெர்ட்டர் இருக்கும், 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கலாம். சிலவற்றுக்கு 5 வோல்ட் மட்டுமே. 5 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், திரும்ப வராது.

நான்காவது, வண்டியின் வாரண்டி தாள். மின்சார மாற்றங்களைப் பற்றி அதில் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கம்பெனி வயரை வெட்டாமல் செய்யும் வழியை மட்டுமே எடுங்கள். அதற்கான வழி 4-ஆம் படியில் வருகிறது. வண்டியில் செய்த மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டுமா என்று காப்பீட்டுத் தாளிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. எவ்வளவு கரண்ட் என்று கணக்குப் போடுங்கள்

கருவி 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் அது 10 வாட். கன்வெர்ட்டரில் கொஞ்சம் சூடாக வீணாகும். அதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 12 வாட், அதாவது 12 வோல்ட்டில் 1 ஆம்பியர். ஹெட்லைட் பல்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு ஜி.பி.எஸ்ஸுக்காக மட்டும் தடித்த வயரும் பெரிய ரிலேயும் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டியதில்லை. கிரிப் ஹீட்டர், கூடுதல் விளக்கு என்று பின்னால் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ரிலேயை யோசியுங்கள்.

1 ஆம்பியர் எடுக்கும் கருவிக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ். 2 கிடைக்காவிட்டால் 3. ‘அடிக்கடி போகுது’ என்று 10 ஆம்பியர் போடுவதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். ஃபியூஸ் இருப்பது கருவியைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. சின்ன வயருக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் போவதற்குள் வயரின் தோல் உருகத் தொடங்கிவிடலாம். அந்த வயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

3. வாங்க வேண்டியவை

12-இலிருந்து 5 வோல்ட்டுக்கு மாற்றும், தண்ணீர் புகாத கன்வெர்ட்டர் ஒன்று. இன்புட் 8 அல்லது 9 வோல்ட்டில் தொடங்கி 24-ஐத் தாண்டிப் போக வேண்டும். பைக் பேட்டரி 12 வோல்ட் என்று பேர்தானே தவிர அது 12-இல் நிற்பதில்லை. முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.8, இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி, ஸ்டார்ட்டரை அழுத்தும் நொடியில் 10-க்கும் கீழே. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் கன்வெர்ட்டர் தாங்க வேண்டும். அவுட்புட் 5 வோல்ட், 3 ஆம்பியர் போதும்.

0.75 சதுர மில்லிமீட்டர் வயர், சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றும், இரண்டிரண்டு மீட்டர். வண்டிக்கென்று விற்கும் மெல்லிய பல இழை வயராகக் கேளுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறிந்துவிடும். மூடி உள்ள, தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 2 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் மூன்று. பேட்டரி போல்ட்டுக்கு ஏற்ற வளைய டெர்மினல் இரண்டு (சின்ன பேட்டரிக்கு 5 மி.மீ., பெரியதற்கு 6 மி.மீ.). இரண்டு பின் உள்ள தண்ணீர் புகாத கப்ளர் (செருகிக் கழற்றும் இணைப்பு) ஒரு ஜோடி. உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்குவது). சுருள் ஸ்லீவ் இரண்டு மீட்டர். ஜிப் டை பத்துப் பதினைந்து. ஹார்னஸுக்கு, அதாவது வயர்க் கட்டுக்குச் சுற்றும் துணி டேப். தானாக ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் கொஞ்சம்.

கருவிகளில் மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கிரிம்பிங்குக்கு, அதாவது டெர்மினலை வயரில் நசுக்கிப் பிடிக்கவைக்க, ராட்செட் உள்ள பிளையர் வேண்டும். சாதா பிளையரால் நசுக்கியது ஆறு மாதத்தில் கழன்று வரும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தத்தில் அதிகம் விழுங்குவது மீட்டரும் கிரிம்பிங் பிளையரும்தான். அவை ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும், நண்பரிடம் இரவல் வாங்கவும் செய்யலாம். மீட்டர் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கன்வெர்ட்டரிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான கன்வெர்ட்டர் சூட்டிலும் மழையிலும் சீக்கிரம் போவது ஒருபக்கம். அது கிளப்பும் மின் இரைச்சல் ஜி.பி.எஸ். சிக்னலையே விழுங்கிவிடுவது இன்னொரு பக்கம்.

நேரம்: முதல்முறை என்றால் நான்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி சீட், பக்கவாட்டு மூடி, டேங்க் இவற்றைக் கழற்றி மாட்டவே போய்விடும். மறுநாள் காலை நீண்ட பயணம் என்றால் முந்தின இரவு இதைத் தொடங்காதீர்கள். நடுவில் இரண்டு மூன்று நாளாவது சின்னச் சின்னதாக ஓட்டிப் பார்க்க இடம் விட்டுச் செய்யுங்கள்.

4. எங்கிருந்து கரண்ட் எடுப்பது

முடிவு செய்ய வேண்டிய பெரிய விஷயம் இது. நேராகப் பேட்டரியில் மாட்டுவது சுலபம், ஆனால் சாவியை எடுத்த பிறகும் கன்வெர்ட்டர் விழித்தே இருக்கும். கருவியைக் கழற்றினாலும் அது மட்டும் 15 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடித்துக்கொண்டிருக்கலாம். பார்க்கச் சின்ன எண். ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் 0.36 ஆம்பியர் மணி. 4 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி, ஆறு நாள்கூடத் தாங்காது. கருவியை மாட்டியே வைத்துவிட்டால் ஒரே இரவு போதும். எனவே சாவி போட்டால் வர வேண்டும், சாவி எடுத்தால் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கரண்ட் வண்டியில் எங்கே கிடைக்கும்?

முதலில் கம்பெனியே விட்டிருக்கும் ஆக்சஸரி கப்ளரைத் தேடுங்கள். பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ, எதிலும் மாட்டாமல், மூடி போட்டபடி ஒரு இரண்டு பின் கப்ளர் தொங்கிக்கொண்டிருக்கும். வயரிங் படத்தில் அது ஆக்சஸரிக்கானது என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் வேலை பாதி முடிந்தது. அதற்குப் பொருந்தும் ஜோடியை வாங்கி மாட்டினால் போதும். வயர் எதையும் வெட்ட வேண்டாம், வாரண்டிக்கும் பிரச்சினை வராது.

அது இல்லையென்றால் டெயில் லைட் வயர். சாவி போட்டவுடன் டெயில் லைட் எரியும் வண்டிகளில் இது வசதியான இடம். பின் சீட்டுக்கு அடியிலேயே கிடைக்கும், ஒருவேளை ஃபியூஸ் போனாலும் இன்ஜின் நிற்காது. இன்ஜின் நிற்காது என்றாலும் பின்விளக்கு போனது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், அது இரவில் ஆபத்து. அதனால் எடுக்கும் இடத்திலேயே உங்கள் 2 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். முன்பக்கமாக எடுக்க வேண்டுமானால் பிரேக் லைட் சுவிட்சுக்கோ ஹாரனுக்கோ வரும் வயரில் எடுக்கலாம். இவற்றில் சுவிட்சுக்கு முந்தின பக்கத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடித்தால்தான் ஜி.பி.எஸ். எரியும்.

ஃபியூஸ் பெட்டியில் செருகும் ‘இரட்டை ஃபியூஸ்’ அடாப்டர் இன்னொரு வழி. பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால் பழையதற்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டு ஃபியூஸ் நிற்கும். இதில் ஒரு திசை இருக்கிறது. பழைய ஃபியூஸை எடுத்து, சாவியைப் போட்டு, இரண்டு துளைகளில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று மீட்டரால் பாருங்கள். அடாப்டரின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில் இறங்க வேண்டும். திருப்பிச் செருகினாலும் எல்லாம் எரியும், அதனால்தான் பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் அப்போது உங்கள் கருவியின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.

தொடவே கூடாதவை: இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஃப்யூயல் பம்ப், இக்னிஷன் காயில், ஏ.பி.எஸ். இவற்றின் வயர்கள். இங்கே ஒரு தளர்ந்த இணைப்பு ஓடும் வண்டியை நிறுத்திவிடும். ஹெட்லைட் வயரும் வேண்டாம். சில சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போவது பேட்டரிக் கரண்டே அல்ல, இன்ஜினிலிருந்து நேராக வரும் ஏ.சி. கரண்ட், கன்வெர்ட்டர் அதைத் தாங்காது. பல்பு போனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும் புதிய வண்டிகளில் விளக்கு வயர் எதையுமே தொடாதீர்கள். கண்ட்ரோல் யூனிட் அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு அந்த லைனையே நிறுத்திவிடலாம். அவற்றுக்கு ஆக்சஸரி கப்ளர் ஒன்றுதான் வழி.

ரிலே போடுகிறவர்களுக்கு எண்கள்: 30-க்குப் பேட்டரி பிளஸ், நடுவில் ஃபியூஸோடு. 87-இலிருந்து கருவிகளுக்கு. 86-க்குச் சாவியில் வரும் கரண்ட். 85 எர்த். காயிலின் 85, 86 இரண்டுக்கும் குறுக்கே ஒரு டையோடு வைத்தால் ரிலே விடும்போது எழும் மின் துடிப்பு வண்டியின் மற்றப் பாகங்களுக்குப் போகாது. டையோடின் கோடு போட்ட முனை 86 பக்கம் இருக்க வேண்டும்.

வயர் நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள். கறுப்பு என்றால் எர்த் என்று நினைப்பது இயல்பு. ஹோண்டா வண்டிகளில் வழக்கமாகப் பச்சைதான் எர்த், கறுப்பு சாவியில் வரும் பிளஸ். யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு பிளஸ். சுசுகியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு எர்த், ஆரஞ்சு பிளஸ். கவாசாகியில் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு எர்த். ஒரு கம்பெனி வண்டியில் பழகிய கை இன்னொரு கம்பெனி வண்டியில் கருவியைப் பொசுக்குவது இதனால்தான். படத்தைப் பாருங்கள், பிறகு மீட்டரை வைத்துப் பாருங்கள். சாவி போட்டால் 12-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், எடுத்தால் பூஜ்யம்.

5. பேட்டரியைக் கழற்றுங்கள்

மைனஸை முதலில், பிளஸைப் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் ஃபிரேமில் உரசினால் பெரிய தீப்பொறி பறக்கும், ஸ்பேனரே ஒட்டிக்கொள்ளும். வரிசை அதற்காகத்தான்.

சின்ன பேட்டரிகளில் டெர்மினலுக்குள் இருக்கும் சதுர நட்டு கீழே விழுந்துகொண்டே இருக்கும், போல்ட் பிடிக்காது. நட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாய்த் துண்டோ ஸ்பாஞ்சோ வைத்தால் நட்டு மேலே நிற்கும். உங்கள் வளைய டெர்மினல் வண்டியின் தடித்த கேபிளுக்கு மேலே வர வேண்டும், அடியில் அல்ல. ஸ்டார்ட்டருக்குப் போகும் பெருங்கரண்ட் உங்கள் சின்ன வளையத்தின் வழியாக ஏறக் கூடாது.

6. வயரை ஓட்டுதல்

கன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு அங்கிருந்து ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. கேபிளை ஹேண்டில்பார் வரை இழுக்கிறார்கள். சாதா யு.எஸ்.பி. கேபிளுக்குள் இருக்கும் வயர் முடியைப் போல மெல்லியது. 2 ஆம்பியர் போனால் ஒரு மீட்டர் நீளத்திலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடலாம். 5 வோல்ட் கிளம்பி 4.2 வந்து சேர்ந்தால் கருவி சார்ஜ் ஆகாமல் தவிக்கும். அதே சக்தியை 12 வோல்ட்டாக (1 ஆம்பியர்தான்) 0.75 வயரில் இரண்டு மீட்டர் கொண்டுபோனால் போகவரச் சேர்த்து இழப்பு 0.1 வோல்ட்கூட இல்லை. ஆகவே நீண்ட தூரம் 12 வோல்ட்டாகப் போகட்டும். கன்வெர்ட்டர் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ டேங்கின் முன் நுனிக்கு அடியிலோ உட்காரட்டும், யு.எஸ்.பி. கேபிள் அரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். ஆனால் கருவிக்கு நேர் அடியில் ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சிக்னல் இரைச்சல் என்று மேலே சொன்னது அதற்குத்தான்.

வயரை வண்டியின் மூல ஹார்னஸ் போகும் வழியிலேயே அதோடு சேர்த்துக் கட்டுங்கள். கம்பெனிக்காரர்கள் சூடு படாத, நசுங்காத பாதையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சைலன்சர், சிலிண்டர் ஹெட் பக்கம் போக வேண்டாம். பிளக் வயரை ஒட்டியும் ஓட்ட வேண்டாம். டேங்கைத் திரும்ப உட்கார வைக்கும்போது அதன் விளிம்புக்கு அடியில் வயர் சிக்காமல் பாருங்கள். சீட் கொக்கி விழும் இடமும் அப்படித்தான்.

முக்கியமான இடம் ஸ்டியரிங் கழுத்து. ஹேண்டிலை இடது கோடி வரை திருப்புங்கள், வலது கோடி வரை திருப்புங்கள். எந்த நிலையிலும் வயர் விறைக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது. ஒரு தளர்வான வளைவு விட்டு, கழுத்துக்கு மேலே ஒரு டை, கீழே ஒரு டை. ஆக்சிலரேட்டர் கேபிளோடு மட்டும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். கட்டி முடித்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வேகம் ஏறினால் ஏதோ ஒன்று ஆக்சிலரேட்டர் கேபிளை இழுக்கிறது.

7. இணைப்பு: பொறுமை வேண்டிய இடம்

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை மறந்துவிடுங்கள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழுக்கும், மழைத் தண்ணீர் உள்ளே போய்ச் செம்பு இழைகளில் பச்சையாகக் களிம்பு ஏறும், தடை கூடும், இணைப்பு சூடாகும். வயரை வெட்டாமல் நசுக்கி மூடும் நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப்புகளும் இதே கதைதான். உள்ளே இருக்கும் தகடு பாதி இழைகளை அறுத்துவிடும்.

சரியான முறை இது. முதலில் ஹீட் ஷ்ரிங்க் குழாயை வயரில் நுழைத்துத் தள்ளி வையுங்கள். இதை மறந்து, கிரிம்ப் செய்து முடித்த பிறகு எல்லாவற்றையும் வெட்டித் திரும்பத் தொடங்குவது எல்லாருக்கும் ஒருமுறையாவது நடக்கும். வயர் முனையில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் தோல் உரியுங்கள். உரித்ததும் இழைகளைப் பாருங்கள்: ஒன்றிரண்டு அறுந்து தோலோடு வந்திருந்தால் முனையை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்னால் இருப்பவை செம்பைப் பிடிக்க, பின்னால் இருப்பவை தோலைப் பிடிக்க. செம்பைப் பிடிப்பது கரண்டுக்கு, தோலைப் பிடிப்பது அதிர்வுக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டு நசுக்கினால் இரண்டும் கெடும். கிரிம்ப் முடிந்ததும் நன்றாக இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து வருவது ரோட்டில் தானாகவே வரும்.

சால்டரிங் தெரிந்தவர்கள் ஈயம் வைக்கலாம், தவறில்லை. ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி எங்கே நிற்கிறதோ, சரியாக அந்த இடத்தில் வயர் விறைப்பிலிருந்து வளையும். அதிர்வு அங்கேதான் முறிக்கும். அதனால் இணைப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் தாண்டிப் போக வேண்டும், பக்கத்திலேயே ஒரு டை போட்டு ஆடாமல் கட்ட வேண்டும்.

வண்டியின் வயரிலிருந்து கிளை எடுக்க மூன்று வழி. சிறந்தது, டெயில் லைட் கப்ளருக்குப் பொருந்தும் ஆண், பெண் கப்ளர்களை வாங்கி, நடுவில் செருகும் ஒரு குட்டி ஹார்னஸ் செய்து அதில் கிளை விடுவது. வண்டியை விற்கும்போது உருவி எடுத்தால் வண்டி பழையபடி. இரண்டாவது, வயரை வெட்டி மூன்று முனைகளையும் ஒரு ஸ்லீவில் கிரிம்ப் செய்வது. மூன்றாவது, வெட்டாமல் நடுவில் ஒரு சென்டிமீட்டர் தோலை மட்டும் உரித்து, உங்கள் வயரைச் சுற்றி ஈயம் வைப்பது. இதில் ஹீட் ஷ்ரிங்க் நுழைக்க வழியில்லை. அதனால் சிலிக்கான் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றி, மேலே துணி டேப் போடுங்கள்.

எர்த் வயரை நேராகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். கைக்கு எட்டிய ஃபிரேம் போல்ட்டில் மாட்டுவது பலரின் பழக்கம். பெயின்ட்டும் துருவும் நடுவில் நிற்பதால் இன்று வரும், மழைக்காலத்தில் வராது.

இரண்டு பின் கப்ளர் வைக்கும்போது கரண்ட் வரும் பக்கத்தில் பெண் கப்ளர் வர வேண்டும். கருவியைக் கழற்றினால் வெளியே தெரியும் பின்னில் கரண்ட் இருக்கக் கூடாது. கப்ளருக்குப் போகும் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வயர் வழியாக வடியும் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது.

ஃபியூஸ் ஹோல்டரை எங்கே வைப்பது? கரண்ட் எடுக்கும் இடத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்குள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை, அதனால் அந்த நீளம் குறையக் குறைய நல்லது. பேட்டரியிலிருந்து இழுத்து ஹேண்டில்பார் பக்கத்தில் ஃபியூஸ் வைத்திருந்தால் அது பெயருக்கு இருக்கும் ஃபியூஸ்.

8. கருவியை மாட்டும் முன் சோதனை

ஃபியூஸைச் செருகாமல், கன்வெர்ட்டரையும் மாட்டாமல், உங்கள் சிவப்பு வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் தடையை அளங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் ஒரு டை மிக இறுக்கமாக இருக்கும், அல்லது டேங்க் போல்ட்டுக்கு அடியில் வயர் மாட்டியிருக்கும்.

சரியாக இருந்தால் பேட்டரியை மாட்டி, ஃபியூஸைப் போட்டு, சாவியைப் போடுங்கள். கன்வெர்ட்டர் மாட்டும் முனையில் மீட்டரின் சிவப்பு ஊசி பிளஸில், கறுப்பு மைனஸில். 12 சொச்சம் வர வேண்டும். முன்னால் கழித்தல் குறி வந்தால் வயர் மாறியிருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு வேகம் கொடுங்கள்: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும், அதைச் சரி செய்யாமல் எதையும் மாட்டாதீர்கள். பிறகு கன்வெர்ட்டரை மாட்டி 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் கருவி.

கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அளவு எடுங்கள்: கன்வெர்ட்டரின் மைனஸ் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் எத்தனை வோல்ட்? 0.1-க்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5 காட்டினால் எங்கோ ஓர் இணைப்பு மோசம்.

9. கசிவை அளந்துவிடுங்கள்

சாவியை எடுத்துவிட்டு பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஊசியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். மிகக் குறைவாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியர் துளைக்கு மாறலாம். ஜி.பி.எஸ். வயரிங்கின் ஃபியூஸை எடுத்தாலும் போட்டாலும் எண் மாறக் கூடாது. மாறினால் சாவியில் வராத கரண்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

இந்த நேரத்தில் சாவியைப் போடாதீர்கள், ஸ்டார்ட்டரை அழுத்தவே அழுத்தாதீர்கள், மீட்டர் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு ஊசியை வோல்ட் துளைக்குத் திருப்பி மாற்றுங்கள். ஆம்பியர் துளையில் விட்டபடியே பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டால் அது நேரடி ஷார்ட். ஊசி முனை உருகும் அளவுக்குக் கரண்ட் பாயும்.

10. மாட்டும் இடமும் முதல் சிக்னலும்

கருவியின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், மேலே உலோகம் எதுவும் மறைக்கக் கூடாது. முதல்முறை போடும்போது ஷெட்டுக்குள் நின்று ‘சிக்னல் வரவில்லை’ என்று வயரைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் இருப்பிடத் தகவலை 30 நொடிக்கு ஒருமுறை முழுதாக அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். வெட்டவெளியில் வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் கொடுங்கள்.

செல்பேசியையே மாட்டுகிறவர்களுக்கு: இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கும் ரப்பர் மவுண்ட் போடுங்கள்.

11. கோளாறுகள்

ஸ்டார்ட்டரை அழுத்தினால் கருவி அணைந்து மறுபடி எழுகிறதா? அது வோல்டேஜ் இறக்கம். பேட்டரி நன்றாக இருந்தால் கன்வெர்ட்டரின் கீழ் வரம்பு போதவில்லை. சில வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஆக்சஸரி லைனை வண்டியே நிறுத்தும், அது கோளாறு அல்ல.

திரையில் கம்ப்யூட்டர் படம் வந்து வரைபடம் காணாமல் போனால், கருவி தன்னைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டதாக நினைக்கிறது. கேபிளை மாற்றுங்கள், சார்ஜுக்கு மட்டுமான கேபிளோ அந்தக் கருவிக்கென்று வரும் கேபிளோ வேண்டும்.

நின்ற வண்டியில் சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் சார்ஜ் போய்ப் போய் வந்தால் யு.எஸ்.பி. முனை ஆடுகிறது. கேபிளைக் கருவியிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் மவுண்ட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். சார்ஜர் மாட்டினால் சிக்னல் குறைந்து, உருவினால் கூடுகிறது என்றால் கன்வெர்ட்டரின் இரைச்சல். தள்ளி வைத்துப் பாருங்கள், அப்படியும் போகாவிட்டால் மாற்றுங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் தேடாமல், ஸ்டியரிங் கழுத்திலும் டேங்க் விளிம்பிலும் வயரின் தோலைத் தடவிப் பாருங்கள்.

12. டிராக்கர் என்றால்

டிராக்கருக்கு வேலையே சாவி எடுத்த பிறகுதான், அதனால் அதன் சிவப்பு வயர் 1 ஆம்பியர் ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குப் போகும். கறுப்பு மைனஸுக்கு. மூன்றாவதாக ஒரு வயர் இருக்கும், நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சாவி போட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது சாவிக் கரண்டில் சேர வேண்டும். இந்த மூன்றாவதை மாட்டாமல் விட்டால் பல டிராக்கர்கள் தூங்கப் போகாது, பேட்டரி காலி. தூக்கத்தில் 5 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட 4 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி, பதினாறு பதினேழு நாளில் தீரும். ஆகவே நீண்ட நாள் நிறுத்துவதானால் ஃபியூஸை உருவிவிடுங்கள்.

இன்ஜினைத் தூரத்திலிருந்தே அணைக்கும் ரிலே சிலவற்றோடு வரும். அதை மாட்டாதீர்கள். ரிலேயில் ஒரு காண்டாக்ட் ஆடினால் வளைவில் சாய்ந்திருக்கும்போது இன்ஜின் நிற்கும்.

முடித்ததும் ஒரு தாளில் எந்த வயரிலிருந்து எடுத்தீர்கள், ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்று படம் போட்டு, தண்ணீர் படாத உறையில் டூல் கிட்டோடு வையுங்கள். உதிரி ஃபியூஸ் இரண்டையும் அதே உறையில் போடுங்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு சீட்டைத் திறந்து பேட்டரி போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கி, ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது கைக்குச் சூடு தெரியாமல் இருக்க வேண்டும்.